களை மெஷின் எடுத்துட்டுப் போறவங்க என்கிட்டக் கேட்கிற கேள்விகள்

ஈரோடு மாவட்டத்துச் சிவகிரிப் பக்கம் எங்களுக்கு மஞ்சள், வாழை, கொஞ்சம் மரவள்ளி. களை வெட்ட ஆள் கிடைக்காமல் அல்லாடிய ஒரு ஆடி மாதத்தில் ஏழு எச்.பி. பெட்ரோல் பவர் வீடர் ஒன்று வாங்கினேன். நம்ம வேலை முடிந்ததும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கு வாடகைக்குப் போகும். மெஷினோடு என் போன் நம்பரும் சேர்ந்து போய்விடுவதுதான் வினை. சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து "ஏனுங்க, புகையா வருதுங்க" என்று ஒரு குரல் வரும். திரும்பத் திரும்ப வருவது ஒரு பதினைந்து இருபது கேள்விகள்தான், அதனால் எழுதியே வைத்துவிட்டேன். பின்னால் நடந்து ஓட்டும் எந்தக் களை மெஷினுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். அளவுகளை மட்டும் உங்கள் மெஷினோடு வந்த புத்தகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதை ஓட்டத் தனியாப் பழகோணுமுங்களா? டிராக்டரே ஓட்டறவன் நான்.

பழகத்தான் வேண்டும். டிராக்டரில் நீங்கள் மேலே உட்கார்ந்திருப்பீர்கள், கத்தி பின்னால் எங்கோ சுற்றும். இதில் உங்கள் கால் விரலுக்கும் கத்திக்கும் நடுவே ஒரு தகட்டு மூடியும் இரண்டடி தூரமும்தான். நிறைய மாடலில் தனியாகச் சக்கரமே கிடையாது, சுற்றுகிற பிளேடுதான் மண்ணைப் பிடித்து வண்டியை இழுத்துக்கொண்டு போகும்.

முதல் நாள் கயிற்றை இழுக்காமலே மெஷினைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கிளட்ச் லீவர் எது, ஆக்ஸிலேட்டர் எது, ஆஃப் சுவிட்ச் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பாருங்கள். பயந்த நேரத்தில் மூளை வேலை செய்யாது, விரல்தான் வேலை செய்யும். அப்புறம் பயிர் இல்லாத வெறுங்காட்டில் அரை மணி நேரம் போக, வர, திரும்ப ஓட்டிப் பழகிவிட்டு மஞ்சள் காட்டுக்குள் வாருங்கள்.

வேட்டியோட ஓட்டினா என்னங்க? எங்கப்பாரு ஏர் ஓட்டினதே கோவணத்தோடதான்.

அப்பாரு ஓட்டியது மாட்டை. துணி மாட்டிக்கொண்டால் "ஓ" என்று ஒரு சத்தம் கொடுத்ததும் அது நின்றுவிடும், இந்த மெஷினுக்குக் காது இல்லை. வேட்டி நுனியோ துண்டோ பிளேடில் சிக்கினால் துணியோடு காலும் போகும். பேன்ட் போடுங்கள், கால் முழுக்க மூடும் ஷூ போடுங்கள், தலைத்துண்டை இறுக்கிக் கட்டுங்கள். பெண்கள் ஓட்டுவதாக இருந்தால் சேலைக்கு மேல் சட்டை போட்டால் மட்டும் போதாது, கீழேயும் பேன்ட் வேண்டும். ரப்பர் செருப்போடு வருகிறவர்களுக்கு நான் மெஷின் கொடுப்பதில்லை. இதனால் சொந்தக்காரர் ஒருவரே என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார், பரவாயில்லை.

கண்ணுக்கு ஒரு கண்ணாடி, காதுக்கு அடைப்பான் அல்லது பஞ்சாவது வையுங்கள். நாள் முழுக்க அந்தச் சத்தத்திலேயே நின்றால் சாயங்காலம் காதில் 'ங்ங்' என்று இரைச்சல் கேட்கும். அது தினசரி ஆனால் காது நிரந்தரமாக மந்தமாகும்.

பெட்ரோல்ல ஆயில் கலக்கோணுமா, வேண்டாமா? ஆளுக்கொன்னு சொல்றாங்க.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், அவர்கள் மெஷின்தான் வேறு வேறு. 2 ஸ்ட்ரோக் இஞ்சின் என்றால் பெட்ரோலில் 2டி ஆயில் கலந்தே ஊற்ற வேண்டும், விகிதம் டேங்க் மூடியிலோ புத்தகத்திலோ இருக்கும். 4 ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோல் தனி, இஞ்சின் ஆயில் தனி. ஆயில் ஊற்றத் தனி மூடியும் அளவுக் குச்சியும் இருந்தால் அது 4 ஸ்ட்ரோக். என்னுடையது அதுதான்.

தீர்ந்ததும் சூடான இஞ்சின் மேலேயே பெட்ரோல் ஊற்றாதீர்கள். நிறுத்தி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து ஊற்றுங்கள். பீடியோடு பக்கத்தில் வராதீர்கள் என்று வேறு சொல்ல வேண்டியிருக்கிறது.

இஞ்சின் ஆயில் எவ்வளவு, எப்ப மாத்தோணும்?

இந்த அளவு பெட்ரோல் இஞ்சினுக்குப் பெரும்பாலும் 600 மி.லி. பிடிக்கும். சின்ன டீசல் இஞ்சின் என்றால் ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை மாற்றிவிடுங்கள், புது இரும்பு தேய்ந்த தூள் அதில்தான் வந்து சேரும். அதற்கப்புறம் 100 மணிக்கு ஒருமுறை என்று பல புத்தகங்களில் இருக்கும். நம்மூர்ச் செம்மண் புழுதிக்கு நான் 50 மணிக்கே மாற்றிவிடுகிறேன். அளவு பார்க்கும்போது மெஷின் சமதளத்தில் இருக்க வேண்டும், வரப்பில் சாய்ந்து நிற்கையில் பார்த்தால் குச்சி பொய் சொல்லும்.

கியர் பெட்டிக்கு வேறு ஆயில், இஞ்சின் ஆயிலை விடக் கெட்டியானது. வாங்கிய வருஷம் எனக்கு இது தெரியாது. இஞ்சினுக்கு மட்டும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டு, கியர் பெட்டியை எட்டியே பார்க்கவில்லை. சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாக ஒழுகி, ஒரு நாள் 'கடகட'வென்று சத்தம் வந்து நின்றது. திறந்து பார்த்தால் பல்லு நாலு இல்லை. அந்தச் செலவில் ஒரு கன்னுக்குட்டி வாங்கியிருக்கலாம்.

மண்ணு எந்தப் பதத்துல இருந்தா ஓட்டலாமுங்க?

ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அமுக்குங்கள். உருண்டையாகப் பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். தண்ணி விட்டு இரண்டு மூன்று நாளில் செம்மண்ணுக்கு இது வந்துவிடும், கரிசலுக்கு இன்னும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். கையில் ஒட்டினால் பிளேடிலும் ஒட்டும். பிடிக்கவே வராமல் கட்டியாகக் கிடந்தால் மெஷின் உழாது, துள்ளும்.

மெஷின் தாவித் தாவி இழுத்துட்டு ஓடுது. பேரனை மேல உட்கார வெச்சா கனம் கிடைக்குமுங்களா?

உட்கார வைக்கவே கூடாது. வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே என்னிடம் கேட்டார்கள். மெஷின் ஓடும்போது குழந்தைகள் அந்தக் காட்டிலேயே இருக்கக் கூடாது, சரளைக் கல் தெறித்தால் எவ்வளவு தூரம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

தாவுவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று மண் காய்ந்திருக்கும், மேலே சொன்ன பதம் பாருங்கள். இன்னொன்று, பின்னால் மண்ணில் ஊன்றிக்கொண்டு வருகிற ஆழக்கம்பி. நிறையப் பேர் அது எதற்கு என்றே தெரியாமல் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் கம்பிதான் பிரேக். அதைக் கீழே இறக்கினால் மெஷின் மெதுவாகப் போய் ஆழமாக வெட்டும், தூக்கினால் மேலாக வெட்டிக்கொண்டு வேகமாக ஓடும். இறுகின காட்டில் ஒரே ஓட்டில் அரையடி ஆழம் பார்க்காதீர்கள், முதல் ஓட்டில் இரண்டு அங்குலம், மறுஓட்டில் மீதி. கைப்பிடியை இடுப்பு உயரத்துக்கு வைத்துக்கொண்டு, தோளால் அமுக்காமல் சும்மா வழிகாட்டுங்கள். ஓடுகிறதைப் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு நமக்குப் பலம் கிடையாது, ஏழு எச்.பி. என்றால் ஏழு குதிரை.

புல்லு சுத்திக்கிச்சு. கிளட்சை விட்டுட்டேன், பிளேடு நின்னுடுச்சு. இஞ்சின் ஓடிட்டே இருக்கட்டும், கையில பிச்சு எடுத்தறலாமா?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன். கூடாதுங்க.

எனக்குத் தெரிந்து விரல் போனவர்கள் யாரும் மெஷின் ஓட்டும்போது விரலை விடவில்லை. நிறுத்தி வைத்து, குனிந்து, "ஒரு நிமிஷம்தானே" என்று புல்லை இழுக்கும்போது விட்டார்கள். கிளட்ச் கேபிள் கொஞ்சம் இறுகியிருந்தாலும் பிளேடு முழுதாக விடுபட்டிருக்காது, மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். சுற்றிய புல்தான் அதைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கும். அந்தப் புல்லை நீங்கள் எடுத்த நொடியில் பிளேடு கிளம்பும். நீங்கள் குனிந்திருக்கும்போது பின்னால் வந்த மச்சான் கைப்பிடியைப் பிடித்து நகர்த்தப் பார்ப்பார், அவர் கை லீவரில் படும். இரண்டும் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நடந்தவைதான்.

நான் செய்வது இது. ஆஃப் சுவிட்ச், கியரை நியூட்ரல், பிளக் மேல் இருக்கிற தொப்பியைக் கழற்றித் தொங்கவிடுவது. டீசல் என்றால் பிளக் கிடையாது, ஸ்டாப் லீவரை மூடிய நிலையில் விட்டு, இஞ்சின் முழுக்க நின்ற பிறகுதான் பக்கத்தில் போவது. அப்புறம் தோல் கையுறை போட்டுக்கொண்டு, கருக்கருவாளால் புல்லைக் குறுக்கே அறுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. சுற்றினது வேலிக் கம்பியோ பழைய சொட்டுநீர்க் குழாயோ என்றால் அது வில்லு மாதிரி முறுக்கேறி இருக்கும், வெட்டியதும் முகத்துக்கு அடிக்கும். தலையை ஓரமாக வைத்துக்கொண்டு வெட்டுங்கள். எல்லாம் சேர்ந்து நாலு நிமிஷம் ஆகும். முழங்கால் உயரப் புல்லில் நேராக மெஷினை விடாமல், முதலில் அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு ஓட்டினால் சுற்றுவதே பாதி குறையும்.

லீவரைப் புடிச்சுப் புடிச்சு கை மரத்துப் போவுது. கயித்துல கட்டி வெச்சுக்கலாமுங்களா?

வேண்டாம். நீங்கள் தடுக்கி விழுந்தால் கை தானாக விடும், விட்டதும் பிளேடு நிற்கும், அதற்குத்தான் அந்த லீவரை அப்படி வைத்திருக்கிறார்கள். கட்டி வைத்தால் நீங்கள் விழுந்த பிறகும் மெஷின் தன் பாட்டுக்குச் சுற்றும். ஒருமுறை வாடகைக்குப் போய்த் திரும்பி வந்த என் மெஷினில் லீவரைச் சுற்றி சைக்கிள் டியூப் கட்டியிருந்தது. யார் என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

கை மரத்துப்போவது அதிர்வால். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள், கைப்பிடி ரப்பர் தேய்ந்திருந்தால் புதிது போடுங்கள், லீவர் ரொம்பக் கடினமாக இருந்தால் கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள். ஒரு பிளேடு மட்டும் ஒடிந்திருந்தாலும் அதிர்வு அதிகமாகும், அதையும் பாருங்கள்.

ரிவர்ஸ் எடுக்கறப்ப ஏன் அவ்வளவு பயமுறுத்தறீங்க?

பின்னால் போகும்போது மெஷின் உங்களை நோக்கி வருகிறது. கால் தடுக்கினால் மேலேயே ஏறும். ஆக்ஸிலேட்டரைக் குறைத்து, பிளேடு சுற்றாதபடி செய்து, பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ரிவர்ஸ். பிளேடே சக்கரமாக இருக்கிற மாடலில் முடிந்தவரை ரிவர்ஸே போடாதீர்கள், நிறுத்தி, மெஷினைத் தள்ளிக்கொண்டு போக மட்டும் இருக்கும் தூக்குச் சக்கரத்தை இறக்கித் தள்ளித் திருப்புங்கள். முதுகுக்குப் பின்னால் தென்னை மரமோ சுவரோ இருக்கும் இடத்தில் நிச்சயமாக வேண்டாம்.

நம்ம பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது, கிணறு. தோட்டத்துக் கிணறு நிறையத்துக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது, புல் மூடிக் கிடந்தால் விளிம்பு எங்கே என்றே தெரியாது. கிணற்றைச் சுற்றிப் பத்தடிக்கு மம்முட்டிதான் என் கணக்கு. அந்த மூலையில் நாலு களை இருந்துவிட்டுப் போகட்டும்.

கல்லுல அடிச்சு போல்ட் ஒடிஞ்சுபோச்சு. கெட்டியா ஒரு கம்பியச் செருகிட்டா மறுபடி ஒடியாதில்லைங்க?

அது ஒடியாது, வேறு ஏதாவது ஒடியும். பிளேடுக் குழலையும் ஷாஃப்டையும் கோத்திருக்கும் அந்தப் போல்ட்டின் விலை சொற்பம். கல்லில் மாட்டும்போது அது போனால் தப்பித்தோம், அது அசையாமல் நின்றால் அடி நேராகக் கியர் பெட்டிக்குள் போகும். கியர் பல்லின் விலை மேலே சொல்லிவிட்டேன். கம்பெனி கொடுத்த அதே தரத்துப் போல்ட் நாலு எப்போதும் டூல் பையில் இருக்கட்டும். சரளைக் காட்டில் முதலில் ஒரு நடை நடந்து பெரிய கல்லைப் பொறுக்கிவிடுங்கள், கிளுவை வேலி ஓரத்தில் கம்பி, பாட்டில் கிடக்கும், அதையும் சேர்த்து.

பிளேடைக் கழட்டி மாட்டினேன், இப்ப மண்ணையே வெட்ட மாட்டேங்குது.

இடது வலது மாற்றி மாட்டியிருப்பீர்கள். மெஷின் முன்னால் போகும்போது பிளேடின் கூர்ப்பக்கம் முதலில் மண்ணைத் தொட வேண்டும், முதுகு தொட்டால் அது மண்ணைத் தடவிக் கொடுக்கும். கழற்றுவதற்கு முன்னால் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. தேய்ந்த பிளேடுக்கு வெல்டிங் வைத்து நீட்டாதீர்கள், சூடு பட்ட இடம் நொறுங்கித் துண்டு பறக்கும். போல்ட்டை ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி ஒருமுறை இறுக்குங்கள். இந்த வேலை எதற்கும் பிளக் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான், புல் சுற்றிய கதையில் சொன்னது இங்கேயும் அதேதான்.

மஞ்சள், வாழை, தென்னை எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஓட்டலாமா?

மஞ்சளுக்குப் பயிர் சின்னதாக இருக்கும்போது மட்டும்தான். இலை விரித்துக் காட்டை மூடிவிட்டால் உள்ளே போகாதீர்கள், கிழங்கு மேலாகத்தான் ஓடும். மெஷின் அகலம் போக இரண்டு பக்கமும் நாலு விரல்கடையாவது மீதி இருக்க வேண்டும். ஒன்றரையடிப் பாரில் அது கிடைக்காது என்றால் ஓரத்துப் பிளேடைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். வாழை வேரும் மேலாக இருப்பதுதான், தூரை ஒட்டிப் போகாதீர்கள். தென்னையில் தூரைச் சுற்றி ஆறடிக்கு நான் மெஷினை விடுவதில்லை, உறிஞ்சும் வேர் அதிகம் அங்கேதான்.

சொட்டுநீர்க் குழாயை முதலில் சுருட்டி ஓரமாக வையுங்கள். "பார்த்து ஓட்டிக்கறேன்" என்று சொன்ன ஒருவரும் குழாயை அறுக்காமல் திரும்பியதில்லை, என்னையும் சேர்த்து.

கோரை போகவே மாட்டேங்குது. எத்தனை தடவை ஓட்டினாலும் எச்சா வருதுங்க.

மெஷின்தான் அதை நட்டுவிடுகிறது. கோரை கிழங்கில் இருந்து முளைப்பது, மேலே வெட்டினால் கீழே இருந்து மறுபடி வரும், பிளேடு கிழங்குச் சரத்தை அறுத்துக் காடு முழுக்கப் பரப்பும். அருகம்புல்லும் அப்படித்தான், ஒவ்வொரு கணுவும் ஒரு செடி. கோரைக்கு வெயில் காலத்தில் ஆழமாக உழுது கிழங்கைக் காயப்போட்டுப் பொறுக்குவதுதான் வழி. பிளேடில் ஒட்டிய கிழங்கைச் சுரண்டி எடுக்காமல் அடுத்த காட்டுக்கு மெஷினைக் கொண்டுபோகாதீர்கள், எங்கள் தெற்குக் காட்டுக்குக் கோரை வந்ததே அப்படித்தான்.

ஏர் ஃபில்டரைப் பெட்ரோல்ல கழுவலாமா?

ஸ்பாஞ்சு என்றால் சோப்புத் தண்ணியில் கழுவி, நிழலில் நன்றாகக் காயவைத்து, இரண்டு சொட்டு இஞ்சின் ஆயில் விட்டுப் பிழிந்து மாட்டுங்கள். பெட்ரோல் வேண்டாம், ஸ்பாஞ்சும் கெடும், தீயும் பிடிக்கும். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது, மெதுவாகத் தட்டுங்கள், கறுத்துவிட்டால் புதிது. அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும் வகையில் அந்த ஆயிலை மாற்ற வேண்டும். கோடைப் புழுதியில் நான் தினமும் சாயங்காலம் பார்த்துவிடுவேன். ஃபில்டர் இல்லாமல் ஒரு நாள் ஓட்டினாலும் செம்மண் பிஸ்டனை உப்புத்தாள் மாதிரி தேய்த்துவிடும்.

நேத்து நல்லா ஓடுச்சு, இன்னைக்கு ஸ்டார்ட்டே ஆவல.

போன் செய்வதற்கு முன்னால் நாலு பாருங்கள். பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா, சுவிட்ச் ஆனில் இருக்கிறதா, குளிர்ந்த இஞ்சினுக்குச் சோக் போட்டீர்களா, பிளக் தொப்பியை மறுபடி மாட்டினீர்களா. பாதிப் பேருக்கு நாலாவதுதான். கயிற்றைப் பத்துத் தடவை இழுத்து பெட்ரோல் வாசம் அடித்தால் பிளக் நனைந்திருக்கும், கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள்.

சரிவில் ஓட்டும்போது திடீரென்று நின்று, சமதளத்துக்கு வந்தால் கிளம்புகிறது என்றால் அது ஆயில் சென்சார். ஆயில் குறைந்தால் இஞ்சினைத் தானே நிறுத்தும் ஏற்பாடு சில மாடலில் உண்டு. அந்த ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்லும் மெக்கானிக் இருக்கிறார், கேட்காதீர்கள், ஆயிலை ஊற்றுங்கள்.

சாளைவீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். அந்தப் புகைக்கு வாசம் தெரியும், அதில் இருக்கும் விஷவாயுவுக்கு வாசம் கிடையாது.

வெள்ளையாப் புகை வருதுங்க, இஞ்சின் போச்சா?

வண்டியில் ஏற்றும்போது படுக்கப் போட்டீர்களா? ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும், கொஞ்ச நேரம் ஓடினால் எரிந்து தெளிந்துவிடும். தெளியாமல் நீலமாகவே வந்து ஆயிலும் குறைந்துகொண்டே போனால் ரிங் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் போங்கள். கறுப்பு என்றால் சோக் மூடியே கிடக்கும், அல்லது ஃபில்டர் அடைத்திருக்கும்.

மஞ்சள் வெட்டற வரைக்கும் இனி வேலையில்லை. அப்படியே மூலையில நிறுத்திடலாமா?

பெட்ரோலோடு நிறுத்தாதீர்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், எத்தனால் ஈரத்தை இழுக்கும். இரண்டு மூன்று மாதம் கிடந்தால் கார்புரேட்டருக்குள் பசை மாதிரி படியும். டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் உள்ளே விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று தடவை இழுத்துவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள். பிளேடுக்கு ஒரு கை பழைய ஆயில் பூசிவிடுங்கள்.

கழுவுவதாக இருந்தால் இஞ்சின் ஆறிய பிறகு, ஃபில்டர் பக்கம் மோட்டார்த் தண்ணியைப் பீய்ச்சாமல். அடுத்த பட்டத்துக்கு எடுக்கும்போது இஞ்சின் மேல்மூடிக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வருஷம் என்னுடையதில் தேங்காய் நாரும் நிலக்கடலை ஓடுமாக ஒரு குடும்பமே இருந்தது. காற்றுப் போகும் வழி அடைந்தால் இஞ்சின் சூட்டில் வெந்துவிடும்.

மானியம் கிடைக்குமுங்களா?

வேளாண் பொறியியல் துறையில் கேளுங்கள், உழவன் செயலியிலும் பதியலாம். சிறு குறு விவசாயிகள், பெண்கள், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது மத்தியத் திட்டத்தின் கணக்கு, மேல்வரம்பு உண்டு. முதலில் வாங்கிவிட்டு அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று போகாதீர்கள், விண்ணப்பம்தான் முதலில்.

யாராச்சும் கால மாட்டிக்கிட்டா முதல்ல என்ன பண்றது?

இஞ்சினை நிறுத்துங்கள். பிளேடைத் திருப்பி எடுக்கிறேன் என்று ரிவர்ஸ் போடக் கூடாது, காலைப் பிடித்து இழுக்கவும் கூடாது. 108க்கு போன், ரத்தம் வருகிற இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அமுக்கிப் பிடியுங்கள். மஞ்சள்தூள், காப்பித்தூள் எதையும் கொட்டாதீர்கள். மஞ்சள் விளைகிற ஊர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன், டாக்டர் அதைக் கழுவி எடுக்கவே நேரம் போய்விடும். விரல் துண்டாகிவிட்டால் ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து ஆளோடு சேர்த்து அனுப்புங்கள். விரல் நேராக ஐஸில் படக் கூடாது. சின்னக் கீறலாக இருந்தாலும் மண் பட்ட காயம், டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாஞ் சரிங்க, மெஷின் எப்பக் கிடைக்கும்?

வியாழக்கிழமை வரை கீழ்க்காட்டு மரவள்ளியில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் ஆறரை மணிக்கு வாங்க. பெட்ரோல் உங்களுது, ஷூவும் உங்களுது.